விசிட் விசாவில மாலைதீவுக்குப் போன கணக்கு ரீச்சரின்ர கணக்கு

போன கிழமை எங்கட ஒழுங்கையில இருக்கிற ஒரு தங்கச்சி வீட்ட வந்தாள். யாழ் கம்பஸ்ல டிகிரி முடிச்சிட்டு ரெண்டு வருசமா வேலையில்லாம நிக்கிறாள். ஃபோனை நீட்டி, "அக்கா, மாலைதீவில ரீச்சர் வேலையாம், இப்போதைக்கு விசிட்ல போனா அங்க வச்சு வேர்க் விசாவா மாத்தலாமாம், உண்மையோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" எண்டாள். வாசிக்கேக்க எனக்குக் கை குளிர்ந்து போச்சு. 2022ல எனக்கு வந்த அதே மெசேஜ், சம்பளத்தை மட்டும் கூட்டிப் போட்டிருக்கினம், எழுத்துப்பிழை கூட அப்பிடியே கிடக்கு. அவளுக்கு வாயால சொன்னதை எழுதி வச்சா இன்னும் நாலு பேருக்கு உதவும் எண்டுதான் இதை எழுதுறன். நான் போகேக்க எனக்கு இப்பிடிச் சொல்ல ஒருத்தரும் இல்லை. இல்லை எண்டுறதை விட, நான் ஒருத்தரையும் கேக்கேல்லை எண்டுதான் சொல்லோணும். போக முதல் ஊருக்குத் தெரிஞ்சா கண்ணூறு படும் எண்டு அம்மா சொன்னா, எனக்கும் சரிவராட்டி வெக்கக்கேடு எண்டு ஒரு பயம், அதால வாயைத் திறக்கேல்லை.

என்ர நிலைமையைச் சொன்னாத்தான் ஏன் அவசரப்பட்டனான் எண்டு விளங்கும். நான் கணிதம் படிப்பிக்கிறனான், விசுவமடுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில அஞ்சு வருசம் தொண்டர் ஆசிரியர். தொண்டர் ஆசிரியர் எண்டா மற்ற ரீச்சர்மார் மாதிரி எல்லா வேலையும் செய்யோணும், சம்பளம் மட்டும் வராது. பெற்றோர் சேர்ந்து மாசம் 6,000 ரூபா தருவினம், அதுவும் சில மாசம் வராது. பின்னேரம் ரியூசன் குடுத்துத்தான் வீடு ஓடினது. 2022ல சாமான் விலை எல்லாம் ஏறி, பெற்றோலுக்குக் கியூவில நிண்டு, ரியூசனுக்கு வாற பிள்ளையளின்ர அப்பாமாருக்கே வேலையில்லாத நேரம் அந்த மெசேஜ் வந்தது. மாசம் 900 டொலர், ரூம் இலவசம், டிக்கெட் இலவசம். டொலர் அப்ப 360 ரூபா. நான் கணக்கு ரீச்சர் எல்லோ, 900ஐ 360 ஆல பெருக்கிப் பாத்தன், அதோட மூளை வேலை செய்யிறதை நிப்பாட்டிட்டுது.

முதல் சிக்கல் என்னை அனுப்பின ஏஜென்ட்டால இல்லை, என்ர பேரால வந்தது. 2009ல இடம்பெயர்ந்து ஓடேக்க எங்கட கோப்பு எல்லாம் எங்கயோ போட்டுது. பிறப்புச் சான்றிதழ் பிறகு எடுத்தது, அதில என்ர பேர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில இன்னொரு மாதிரி, கம்பஸ் சான்றிதழில இங்கிலீசில மூண்டாவது எழுத்துக்கூட்டல். இங்க இருக்கேக்க இது ஒரு பிரச்சினையே இல்லை, எல்லாருக்கும் நான்தான் அது எண்டு தெரியும். வெளிநாட்டுக்காரனுக்கு அது மூண்டு வேற பொம்பிளையள். வன்னியில எங்கட வயசுக்காரர் பாதிப்பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கு, போற யோசினை இல்லாட்டிலும் இப்பவே எடுத்து வச்சு மூண்டையும் பக்கத்தில பக்கத்தில பாருங்கோ. ஜிஎஸ்ஸிட்ட (கிராம சேவகர்) கடிதம், ஜேபியிட்ட (சமாதான நீதவான்) சத்தியக்கடதாசி, பதிவாளரிட்டத் திருத்தம் எண்டு எனக்கு நாலு மாசம் போனது. பாஸ்போட்டுக்கு வவுனியா ஒபிஸ் வாசல்ல ரெண்டு இரவு படுத்தனான், அந்த வருசம் நாடே வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. சான்றிதழுகளை வெளிவிவகார அமைச்சில உறுதிப்படுத்தக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை, யாழ்ப்பாணத்திலயும் கொன்சியூலர் ஒபிஸ் இருக்கு எண்டு எனக்குப் பிறகுதான் தெரியும். ஏஜென்ட் "அதை நான் கொழும்பில செய்விக்கிறன்" எண்டு 25,000 வாங்கினவர்.

மொத்தமா அவருக்குக் குடுத்தது 350,000 ரூபா. அம்மாவின்ர சங்கிலியும் என்ர ரெண்டு காப்பும் அடகுக்குப் போச்சு, மிச்சத்துக்கு சீட்டைக் கழிச்சு எடுத்தன். துண்டு எழுதித் தரேல்லை, கேக்க வெக்கமா இருந்தது, நல்லாக் கதைக்கிற மனிசன், "தங்கச்சி, நம்பிக்கைதானே" எண்டுவார். அதில 60,000 விசாவுக்கு எண்டு கணக்குக் காட்டினவர். இதை வாசிக்கிற பிள்ளையள் தயவுசெய்து இந்த இடத்தில ஒருக்கா நில்லுங்கோ. மாலைதீவு எங்கட நாட்டுக்காரருக்குப் போய் இறங்கினவுடன 30 நாள் விசிட் விசா சும்மா குடுக்குது. காசில்லை. இமுகா எண்டு ஒரு ஒன்லைன் படிவம் இருக்கு, பயணத்துக்கு முந்தின 96 மணித்தியாலத்துக்குள்ள நாங்களே ஃபோன்ல நிரப்பலாம், அதுவும் இலவசம். சும்மா குத்துற முத்திரைக்கு நான் ஒரு காப்பை அடகு வச்சிருக்கிறன். அந்த விசாவில வேலை செய்யவும் ஏலாது, செய்தாப் பிடிச்சு அனுப்புவினம்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதியோணும் எண்டு தெரியும், கேட்டன். "விசிட்ல போறவைக்கு அது தேவையில்லை, எயார்போர்ட்டில கேட்டா ரூர் போறன் எண்டு சொல்லுங்கோ" எண்டார். அந்த ஒரு வசனத்திலயே நான் விளங்கியிருக்கோணும். பொய் சொல்லித்தான் வெளிக்கிடோணும் எண்டா அந்த வேலையில ஏதோ பிழை இருக்கு. கட்டுநாயக்கா எயார்போர்ட்டில ஒபிசர் "தனியவா ரூர் போறீங்கள்?" எண்டு சிங்களத்தில கேட்க எனக்கு வேர்த்து ஊத்தினது. வகுப்பில கொப்பியடிச்ச பிள்ளையை எத்தினை தரம் எழுப்பி நிப்பாட்டியிருப்பன், அண்டைக்கு நான் நிண்டன் அப்பிடி.

கட்டுநாயக்காவுக்கு எப்பிடிப் போறது எண்டதையும் சொல்லிவிடுறன். நான் கொழும்பு வரைக்கும் போய், வெள்ளவத்தையில ரூம் எடுத்து, அங்கயிருந்து வாகனம் பிடிச்சு எண்டு தேவையில்லாமக் காசு குடுத்தனான். கிளிநொச்சியில இருந்து புத்தளம் ரோட்டால போற இரவு பஸ்ஸில ஏறினா நீர்கொழும்பு தாண்டின உடன கட்டுநாயக்காவிலயே இறங்கலாம். ஏறேக்க கொண்டக்டரிட்ட ரெண்டு தரம் சொல்லி வையுங்கோ, விடியப்புறம் நித்திரையில விட்டிட்டுப் போயிடுவினம்.

தலைநகர் மாலேக்கு ஒண்டரை மணித்தியாலப் பறப்பும் இல்லை, ஏறி இருந்து அழுது முடிக்க இறங்கீட்டுது. அங்க எங்களை விட அரை மணித்தியாலம் பின்னுக்கு. கஸ்டம்சில பையை எக்ஸ்ரேயில விட, அம்மா உடுப்புக்குள்ள ஒளிச்சு வச்சு விட்ட குட்டிப் பித்தளைப் பிள்ளையார் பிடிபட்டார். வழிபடுற விக்கிரகம் அந்த நாட்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாது, பன்றி இறைச்சி, மதுபானம் மாதிரி அதுவும் தடை. அவை சத்தம் போடேல்லை, எடுத்து வச்சிட்டு, திரும்பிப் போகேக்க வாங்கலாம் எண்டு ஒரு துண்டு தந்தினம். எனக்கு அழுகை வந்ததைப் பாத்து அந்தப் பொம்பிளை ஒபிசர் தண்ணிப் போத்தல் தந்தவா. நாங்கள் சைவக்காரர் கொண்டுபோகாம விடுறதுதான் மரியாதை, அவருக்கும் எங்களுக்கும்.

கூட்டிக்கொண்டு போக வந்தவர் ஒரு தாடிக்காரப் பெடியன், ஒரு வார்த்தை கதைக்கேல்லை. மாலேக்குப் பக்கத்தில ஹுல்ஹுமாலேயில ஒரு ரூம், அதுக்குள்ள மேலயும் கீழயுமா ஆறு கட்டில், எனக்கு மேல்கட்டில். மற்ற அஞ்சு பேரும் கடை, ஹோட்டல் வேலைக்கு வந்த பிள்ளையள். "ஸ்கூல் எங்க?" எண்டு கேட்டா "வெயிட்". அடுத்த நாள் விசா வேலைக்கு எண்டு பாஸ்போட்டை வாங்கினார். நாலாம் நாள் தெரிஞ்சுது, ஸ்கூல் எண்டு ஒண்டும் இல்லை, ஒரு ரியூசன் சென்ரர், அதுவும் இன்னும் திறக்கேல்லை, திறந்தாலும் 900 டொலர் இல்லை 350. பாஸ்போட்டைத் திருப்பிக் கேட்டா நாளைக்கு நாளைக்கு. ஒரு விசயம் மனசில வையுங்கோ, பாஸ்போட்டைக் காட்டலாம், கொப்பி குடுக்கலாம், முழுசா ஒருத்தரிட்டக் குடுத்திட்டு வெறுங்கையோட நிக்கக் கூடாது. குடுக்க வேண்டி வந்தாலும் படம் எடுத்து வச்சுக்கொண்டு, எப்ப தருவியள் எண்டு எழுத்தில, ஒரு மெசேஜ்லயாவது கேட்டு வையுங்கோ. நான் அதைக் கூடச் செய்யேல்லை.

அந்த 27 நாளைப் பற்றிக் கனக்க எழுத மனமில்லை. ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் 350 டொலர் போச்சு. கையில கொண்டுபோனது அதுக்குக் கொஞ்சம் கூடத்தான். பகல்ல ரூமுக்குள்ள இருக்கேலாம கடற்கரையில போய் இருப்பன். அம்மாவோட வீடியோ கோல் எடுக்கேக்க கட்டில் தெரியாத மாதிரி சுவரோட ஒட்டி நிண்டு, "பிள்ளையள் நல்ல பிள்ளையள் அம்மா, வடிவாப் படிக்கினம்" எண்டு இல்லாத பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைப்பன். 2009ல இடம்பெயர்ந்து மெனிக்பாம் முகாமில இருக்கேக்க கூட நான் அம்மாவுக்குப் பொய் சொல்லேல்லை.

தப்பினது ஒரு கடையில. மா வாங்கப் போன இடத்தில தமிழ் கேட்டுது, மட்டக்களப்பு அண்ணை ஒருத்தர், மனிசியும் பிள்ளையும், அங்க பத்து வருசத்துக்கு மேல சயன்ஸ் படிப்பிக்கிறவர். நான் "எந்த இடம் அண்ணை?" எண்டு கேட்டதோட அழத் தொடங்கிட்டன். அவர் அந்தத் தாடிக்காரனுக்கு ஃபோன் எடுத்து, குடிவரவுக்குப் போய்ச் சொல்லப்போறன் எண்ட ஒரு கதைதான் கதைச்சவர், பின்னேரமே பாஸ்போட் வந்தது. அவர்தான் எனக்கு எல்லாத்தையும் இருத்திச் சொல்லித் தந்தவர். அரசாங்கப் பள்ளிக்கூட வெற்றிடங்கள் மாலைதீவு அரசாங்கக் கசெற் (வர்த்தமானி) இணையத்தளத்திலயே வரும், ஏஜென்ட் இல்லாமலே போடலாம். எடுக்கிற இடம் முதல்ல உன்ர பேரில வேலை அனுமதி எடுக்கும், அந்தக் கடதாசி கைக்கு வந்தபிறகுதான் நீ ஊரில இருந்து வெளிக்கிடோணும், இங்க வந்து நிண்டுகொண்டு மாத்திறது எண்டுறது கதை. வேர்க் பேமிட்டுக்கு மாசாமாசம் கட்டுற காசு முதலாளியின்ர பொறுப்பு, உன்ர சம்பளத்தில வெட்டினாக் கேள் எண்டார். நான் அங்க இருந்தே ஏழு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிட்டு, 30 நாள் முடிய முதல் டிக்கெட் எடுத்து ஊருக்கு வந்தன். எயார்போர்ட்டில துண்டைக் குடுத்துப் பிள்ளையாரை வாங்கினன். அந்தப் பயணத்தில நட்டமில்லாமத் திரும்பினது அவர் ஒருத்தர்தான்.

கணக்கைப் போடுவம். ஏஜென்ட்டுக்கு 350,000, அங்க செலவு 126,000, திரும்பி வந்த டிக்கெட் 50,000, பஸ், ரூம், கொழும்பு அலைச்சல் 11,000. மொத்தம் 537,000 ரூபா. அடகு வட்டி இதில சேரேல்லை, சேர்க்கப் பயமா இருக்கு. பணியகத்தில முறைப்பாடு குடுத்து, துண்டில்லாத காரணத்தால இழுபட்டு, வட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜுகளை வச்சு 80,000 மட்டும் ரெண்டு தரமா வந்தது. மெசேஜுகளை அழிக்காதேங்கோ, காசு குடுத்தா வங்கியால போடுங்கோ.

ரெண்டாம் முறை ஒழுங்காப் போனன். எங்கட ஏஜிஏ ஒபிஸ்லயே (பிரதேச செயலகம்) வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கு எண்டு ஒரு உத்தியோகத்தர் இருக்கிறா, பணியகத்து ஆள்தான், வீட்டில இருந்து சைக்கிள்ல பத்து நிமிசம். அந்த மிஸ் ஒரு சதம் வாங்காமக் கொன்ராக்ட்டை வரிக்கு வரி வாசிச்சு விளங்கப்படுத்தினவா. ஏஜென்ட் மூலம் போறதெண்டா அவருக்கு லைசென்ஸ் இருக்கோ எண்டு மட்டும் பாத்தாக் காணாது, அந்த நாட்டில அந்த வேலைக்கு எண்டு பணியகம் அனுமதி குடுத்திருக்கோ எண்டும் பாக்கோணும் எண்டா. பணியகத்தின்ர 1989 எண்ட நம்பருக்கு ஃபோன் எடுத்தாலும் சொல்லுவினம். பதிஞ்சாக் காப்புறுதியும் அதோட வருது. முதல்முறை எனக்கு அங்க ஏதும் நடந்திருந்தா என்ர உடம்பைக் கொண்டுவரவே அம்மா கடன்பட்டிருப்பா.

வேலை கிடைச்சது வடக்குப் பக்கம் ஒரு சின்னத் தீவில. மாலேயில இருந்து உள்ளூர் பிளேன்ல ஹனிமாதூ, அங்கயிருந்து ஸ்பீட் போட். கொழும்பில இருந்து 30 கிலோ கொண்டுபோகலாம் எண்டு அம்மா அரிசிமா, மிளகாய்த்தூள், ஒடியல்மா எல்லாம் அடைஞ்சு விட்டா, உள்ளூர் பிளேன்ல அளவு குறைவு, கூடின கிலோவுக்கு எல்லாம் காசு கட்டினன். ஒடியலை எறியச் சொன்னாலும் எறிஞ்சிருக்க மாட்டன். போனது ஜூன் மாசம், எங்கட முல்லைத்தீவு ஆக்கள் சோளகம் எண்டுவினமே, அதே காத்து, போட் தூக்கித் தூக்கிக் குத்துது, ஒண்டரை மணித்தியாலமும் சத்தி. பள்ளிக்கூடத்துத் தலைமை ரீச்சர் இறங்குதுறைக்கு வந்து நிண்டவா, அவவுக்கு நான் முதல்ல காட்டின முகம் அது. மே தொடக்கம் ஒக்டோபர் வரைக்கும் கடல் அப்பிடித்தான், ஏலுமெண்டா அந்த மாசங்களில பயணம் வைக்காதேங்கோ, இல்லாட்டிக் காலமை வெறும் பிஸ்கட்டோட ஏறுங்கோ.

பள்ளிக்கூடம் எண்டு பாத்தா எனக்குக் குறை சொல்ல ஒண்டும் இல்லை. வகுப்பில இருபது பிள்ளையளும் இல்லை, நான் இங்க 43 பிள்ளையளை வச்சுக் கத்தினனான். கஷ்டம் எனக்கு இங்கிலீசில வந்தது. கம்பஸ்ல கணிதம் இங்கிலீசிலதான் படிச்சனான், ஆனா படிக்கிறது வேற, ஒரு பதின்மூண்டு வயசுப் பெடியனை "சத்தம் போடாம இரடா" எண்டு சொல்றது வேற. முதல் மாசம் கண்ணாடிக்கு முன்னால நிண்டு அடுத்தநாள் பாடத்தைச் சத்தமாச் சொல்லிப் பழகினன். போற ஆக்கள் பாடத்தைப் படிக்காதேங்கோ, அது உங்களுக்குத் தெரியும், வகுப்பில கதைக்கிற வசனங்களைப் பழகுங்கோ. இன்னொண்டு, அங்க பெற்றோர் எல்லாரும் வைபர்ல, இரவு பத்து மணிக்கும் "ரீச்சர், நாளைக்கு என்ன ஹோம்வேர்க்?" எண்டு வரும், தொடக்கத்திலயே எத்தினை மணி வரைக்கும் பதில் போடுவன் எண்டு சொல்லிப்போட்டன், ஒருத்தரும் கோவிக்கேல்லை.

அவையின்ர பாசை திவேகி, சிங்களத்துக்குச் சொந்தக்காரப் பாசை. எக்கே, தேய், தினே, ஹத்தரே எண்டு அவை எண்ணேக்க எக்க, தெக்க, துன, ஹத்தர எண்டு எனக்குக் கேக்குது. வாழ்க்கை முழுக்க சிங்களம் படிக்க மனசில்லாம இருந்தவள், அது ஒரு தீவில போய்க் கை குடுக்கும் எண்டு நினைக்கேல்லை. எழுத்து வலப்பக்கத்தில இருந்து இடப்பக்கம் போகும், தானா எண்டு பேர், அதில முதல் ஒன்பது எழுத்தும் அரபு இலக்கங்கள் ஒண்டில இருந்து ஒன்பது வரைக்கும் உள்ளதில இருந்து வந்ததாம். இதை ஒரு பிள்ளை சொல்லித் தர, அண்டு முழுக்க வேற ஒண்டும் படிப்பிக்கேல்லை நான்.

சாப்பாடு, காலமை மாஸ்ஹுனி, எங்கட சம்பலுக்குப் போடுற மாசிக் கருவாட்டை நினைச்சுக்கொள்ளுங்கோ, தேங்காய்ப்பூ வெங்காயத்தோட ரின் மீனைப் பிசைஞ்சு ரொட்டியோட. மரக்கறி போட்டில வாற நாளில மட்டும், விலை கேட்டா பசி போயிடும். ஆனா வீட்டுக்காரம்மாவின்ர வளவில முருங்கை நிண்டது, அவையும் முரங்க எண்டுதான் சொல்லுவினம், அந்த மரம் இல்லாட்டி நான் ரெண்டு வருசம் இருந்திருக்க மாட்டன். வெள்ளிக்கிழமை எனக்கு விரதம், அவைக்கு லீவு நாள், லீவு நாளெண்டா மீன் சமைச்சு எனக்கும் ஒரு கோப்பை வரும். வேண்டாம் எண்டு சொல்லத் தெரியாம மூண்டு மாசம் வாங்கிப் பூனைக்கு வச்சன், பிறகு உண்மையைச் சொல்ல, அவா சிரிச்சுப்போட்டு வியாழன்ல தரத் தொடங்கினா. மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு மட்டும் தனிமை தாங்கேலாம இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உப்பில்லாத கஞ்சி காய்ச்சிக் குடிச்சன், ஏன் அண்டைக்குக் கண் வீங்கியிருந்தது எண்டு கேட்ட பிள்ளையளுக்குத் தடிமன் எண்டு சொன்னன்.

சம்பளத்தில நான் செய்த பிழையையும் சொல்லோணும், இது ஒழுங்காப் போற ஆக்களுக்கும் நடக்கும். எனக்குச் சம்பளம் ருஃபியாவில, 12,000. ஒரு டொலர் 15.42 ருஃபியா எண்டு அரசாங்க வீதம், நான் அதால பிரிச்சுப் பாத்துத்தான் கையெழுத்து வச்சனான். அங்க போனா அந்த வீதத்தில டொலர் இலேசில கிடைக்காது, வெளிய வாங்கினா அப்ப 17.50. மாசம் 8,000 மாத்தி அனுப்பினன், 518 டொலர் போகவேண்டிய இடத்தில 457 போச்சு. மாசம் 60 டொலர் காத்தில. கையெழுத்து வைக்க முதல் சம்பளம் என்ன காசில, வீட்டுக்கு அனுப்ப டொலர் ஆர் தருவினம் எண்டு கேளுங்கோ, சில இடத்தில ஒரு பகுதியை டொலரில தருவினம். முதல் ஒன்பது மாசம் இதைக் கேக்காம இருந்திட்டு, பத்தாம் மாசம் ஒபிஸில கேக்க, "முதலே கேட்டிருக்கலாமே ரீச்சர்" எண்டு ஒரு படிவம் எடுத்துத் தந்தினம். எனக்குச் சிரிக்கிறதோ சுவரில முட்டுறதோ எண்டு தெரியேல்லை.

ரெண்டு வருசம் முடிய வந்திட்டன். சங்கிலி மீண்டுது, ஒரு காப்பு மீண்டுது, மற்றது ஏலத்தில போயிட்டுது. வரேக்க அம்மாவுக்கு எண்டு நாலு கிலோ மாசி கட்டிக்கொண்டு வந்தன், மணந்து பாத்திட்டு, கிளிநொச்சிச் சந்தையில இதைவிட நல்லது கிடக்கு எண்டா. அந்தத் தங்கச்சியை வாற செவ்வாய்க்கிழமை ஏஜிஏ ஒபிசுக்குக் கூட்டிக்கொண்டு போறன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, டிகிரி மூண்டையும் கொண்டு வா எண்டு சொல்லியிருக்கிறன், நேற்று ஃபோன் எடுத்தாள், அடையாள அட்டையில ஒரு எழுத்துக் கூடவாம்.